இந்த ரோட்டுக்குக் காய்ச்சல் வந்தால்

(ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் முதலீட்டு ஆலோசகர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் கேட்கிறதா? சரி.

உள்ளே நுழையும்போது ஒரு பெரியவர் நோட்டீசை நீட்டி, "பாகப்பிரிவினை பத்தியா தம்பி பேசப் போறாங்க?" என்று கேட்டார். நோட்டீசில் 'சொத்து ஒதுக்கீடு' என்று அச்சடித்திருக்கிறார்கள். வீட்டில் அண்ணன் தம்பி தகராறு ஏதோ இருக்கும் போலிருக்கிறது. இப்போது இரண்டாம் வரிசையில் ஆவலாக உட்கார்ந்திருக்கிறார். ஐயா, உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. நான் பேசப் போவதும் ஒருவகைப் பாகப்பிரிவினைதான். ஒரே ஆள் தன்னுடைய பணத்தைத் தனக்குள்ளேயே எப்படிப் பாகம் பிரித்து வைப்பது என்பது. அண்ணன் தம்பி பிரித்தால் ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள், சர்வேயர் சங்கிலி பிடிப்பார், சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் பத்திரம் பதிவாகும். இந்தப் பிரிவினைக்கு ஒருவரும் வருவதில்லை. அதனால் பெரும்பாலோர் பிரிப்பதே கிடையாது. எந்தப் பக்கம் சரிவோ அந்தப் பக்கம் பணம் ஓடித் தேங்கிவிடுகிறது.

என்னைத் தேடி வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: "எந்த ஃபண்டு சார் இப்ப நல்லாப் போவுது?" பதிலுக்கு நான் கேட்பது வேறு. எந்தக் கம்பெனியில் வேலை? வீட்டுக்காரம்மா எங்கே வேலை செய்கிறார்? மனை எந்தப் பக்கம் வாங்கியிருக்கிறீர்கள்? வாடகை வந்தால், குடியிருப்பவர் யார்? சிலருக்கு எரிச்சலாக இருக்கும். ஃபண்டு பெயர் கேட்டால் இவன் சம்பந்தம் பேச வந்தவன் மாதிரி குடைகிறானே என்று. ஆனால் இந்தத் தொழிலில் பாதிக்கு மேல் அந்தக் குடைச்சல்தான். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2013ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளும் அதைத்தான் சொல்கின்றன. வாடிக்கையாளருடைய வயது, வருமானம், கடன், குறிக்கோள், நட்டம் தாங்கும் சக்தி எல்லாவற்றையும் கேட்டு எழுதி வைத்த பிறகுதான் யோசனை சொல்லலாம். கேட்காமல் சொல்வது தவறு.

ஒரு தாளைக் காட்டுகிறேன். பெயரைக் கேட்காதீர்கள், ஊரையும் கேட்காதீர்கள்.

வயது 34. ஒரகடத்தில் ஓர் உதிரிபாக ஆலையில் லைன் லீடர். கையில் வரும் சம்பளம் ₹38,000. மாத்தூர் பக்கம் ஒரு மனை, 2017இல் வாங்கியது. இன்றைக்கு ₹18 லட்சம் போகும் என்று புரோக்கர் சொல்கிறார், அதன்மேல் ₹4 லட்சம் கடன் பாக்கி. பிஎஃப்பில் ₹5 லட்சம். லைனிலேயே சூப்பர்வைசர் ஒருவர் நடத்தும் ஏலச்சீட்டு, 20 பேர், மாதம் ₹10,000; இன்னும் எடுக்கவில்லை, கட்டியது ₹1 லட்சத்துக்குப் பக்கம். மச்சானுக்குக் கார் வாங்கக் கைமாற்றாகக் கொடுத்தது ₹2 லட்சம். அந்தக் கார் இங்கே ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்குகிறது. அம்மா வீட்டில் பின்பக்கம் இரண்டு அறை கட்டி டிரெய்னி பையன்களுக்கு விட்டிருக்கிறார்கள், மாதம் ₹7,000. மியூச்சுவல் ஃபண்டில் மாதம் ₹2,000 போட்டு, சேர்ந்தது ₹1 லட்சம். வங்கிக் கணக்கில் ₹22,000. நகை 18 பவுன். "அது அவங்களது சார், எழுதாதீங்க" என்றார். எழுதவில்லை.

கையோடு ஒரு வழவழப்பான காகிதமும் கொண்டுவந்தார். ஃபண்டு ஏஜென்ட் கொடுத்தது. வண்ணத்தில் ஒரு வட்டம், 80 சதவீதம் பங்கு, 20 சதவீதம் கடன் பத்திரம், மேலே கொட்டை எழுத்தில் 'அக்ரஸிவ்'. நான் கூட்டிப் பார்த்தேன். கடன் போக இவருடைய சொத்து ஏறக்குறைய ₹23 லட்சம். வட்டம் போட்டிருப்பது அதில் ஒரு லட்சத்துக்கு. மீதி 22 லட்சத்தை யாரும் பார்க்கவே இல்லை.

பிறகு சிவப்புப் பேனாவை அவரிடமே கொடுத்தேன். "இந்த ரோட்டுக்குக் காய்ச்சல் வந்தா, இந்தத் தாள்ல எது எதுக்கெல்லாம் சேர்ந்து காய்ச்சல் வரும்னு வட்டம் போடுங்க." முதலில் மச்சான் கார். யோசித்து, சீட்டு. அது எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: கட்டுகிற 20 பேரும் ஒரே லைன். அப்புறம் மெதுவாக, மனசே இல்லாமல், மனை. இங்கே மனை வாங்குகிறவர் யார்? பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்கிறவர். கூட்டினால் 23 லட்சத்தில் 17 லட்சம் சிவப்பு வட்டத்துக்குள். வாடகை ₹7,000 உள்ளே. சம்பளம் சொல்லவே வேண்டாம். சம்பளம் சொத்தா என்று கேட்பீர்கள். 58 வயது வரை இன்னும் 24 வருடம்; ஒரு ரூபாய்கூட உயராமல் இதே ₹38,000 வந்தாலும் ₹1 கோடியே 9 லட்சம். இவர் வைத்திருப்பதிலேயே பெரிய சொத்து அதுதான். தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்றும் உண்டு. கம்பெனி எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீட்டை நம்பி அவர் தனியாக எதுவும் எடுக்கவில்லை. வேலை போனால் அதுவும் வேலையோடு போகும்.

'இந்த ரோட்டுக்குக் காய்ச்சல்' என்பது நான் பயமுறுத்தக் கட்டிய வார்த்தை இல்லை. உங்களில் சிலர் கண்ணால் பார்த்தது. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998இல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் நோக்கியா அடையாள அட்டை கழுத்தில் தொங்கினால் வங்கியில் கடன், கடையில் தவணை, வீட்டுக்குப் பெண் கேட்டு ஆள், எல்லாம் தானாக வந்தன. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த பிள்ளைகள், பெண்கள் ஏராளம். 2013இல் வருமான வரி வழக்கு. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வழக்கில் சிக்கிய இந்த ஆலையை விட்டுவிட்டு வாங்கியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வு என்று கையெழுத்துப் போட்டார்கள். விருப்பம் யாருடையது என்று நாம் கேட்க வேண்டாம். 2014 நவம்பர் 1, ஆலை நின்றது. நோக்கியாவை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அதே வருட டிசம்பரில் வேலையை நிறுத்தியது. ஒரு கம்பெனி விழுந்தால் பக்கத்துக் கம்பெனிக்குப் போகலாம் என்பது நம் எல்லோருடைய கணக்கும். பக்கத்துக் கம்பெனியும் அதே கூரையைத் தாங்கிய தூண்தான் என்று அந்த டிசம்பரில் தெரிந்தது.

அந்த வருடம் நான் பார்த்த ஒரு சீட்டைச் சொல்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். ஏலம் எடுத்தவர்கள் செட்டில்மென்ட் வாங்கிக்கொண்டு திருவண்ணாமலைப் பக்கம் ஊருக்குப் போய்விட்டார்கள். எடுக்காமல் கடைசிவரை காத்திருந்த பொறுமைசாலிகளுக்குத்தான் நட்டம். நடத்திய பெண் தன் வளையலை அடகு வைத்து இரண்டு பேருக்குக் கொடுத்தார், மீதியை அவரால் கொடுக்க முடியவில்லை. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. 20 பேர் சேர்ந்தால் அபாயம் 20ஆகப் பிரியும் என்று நினைத்தார். 20 பேருக்கும் ஒரே சம்பளத் தேதி, ஒரே முதலாளி என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

இதை 1952இலேயே ஒருவர் கணக்காகப் போட்டு வைத்திருக்கிறார். ஹாரி மார்க்கோவிட்ஸ் என்ற அமெரிக்கர், அப்போது இருபத்துநான்கு வயதுக்காரர். ஒவ்வொரு முதலீடும் தனித்தனியே எவ்வளவு ஆபத்தானது என்று பார்ப்பது போதாது, ஒன்று விழும்போது மற்றது சேர்ந்து விழுமா என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய கட்டுரையின் சாரம். 1990இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. நாங்கள் போடும் வண்ண வட்டங்களுக்கெல்லாம் அவர்தான் பாட்டனார்.

கம்பெனிகள் வருவதற்கு முன்பு இங்கிருந்த சம்சாரிக்கு இது தெரியாதா என்றால், தெரியும். கொஞ்சம் நஞ்சை, கொஞ்சம் புஞ்சை, இரண்டு மாடு, நாலு பனை, பரணில் விதை நெல். என்ன பசி வந்தாலும் விதை நெல்லில் கை வைக்க மாட்டார்கள். நாங்கள் இன்று 'எமர்ஜென்சி ஃபண்டு' என்று பெயர் வைத்துப் பாடம் எடுப்பது அதைத்தான். ஆனால் அந்தக் காலத்தைப் பாட்டுப் பாடிப் புகழ நான் வரவில்லை. நஞ்சை, புஞ்சை, மாடு என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தாலும் மூன்றுக்கும் தண்ணீர் ஒரே ஏரி. ஏரி வற்றிய வருடம் மூன்றும் சேர்ந்தே வாடின. பிரித்து வைத்திருக்கிறேன் என்று நம்புவது வேறு, உண்மையில் பிரிந்திருப்பது வேறு.

சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்து இழப்பீடு வாங்கிய குடும்பங்கள் சிலவற்றின் கணக்கையும் பார்த்திருக்கிறேன். பணம் வங்கிக்கு வந்த வாரமே வங்கிக்காரர்கள் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, 62 வயதுக்காரர் பெயரில் பத்து வருடம் பிரீமியம் கட்டும் பாலிசியில் கையெழுத்து வாங்கியதையும் பார்த்திருக்கிறேன். எந்த வங்கி என்று சொல்ல மாட்டேன். மீதிப் பணத்தில் லைன் வீடு, கம்பெனிக்கு ஓடும் வேன், கேன்டீனுக்குக் காய்கறி சப்ளை. நிலம் போனது, ஏரியும் போனது. அவர்கள் அறியாமலே புதிய ஏரி ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அதன் பெயர் கம்பெனி கேட்.

2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா பங்கு வெளியிட்டபோது எனக்குப் போன் மேல் போன். ₹27,870 கோடி, அதுவரை இந்தியா கண்ட வெளியீடுகளிலேயே பெரியது. பங்கு ஒன்று ₹1,960, ஊழியர்களுக்கு ₹186 தள்ளுபடி. "நம்ம கம்பெனி சார், நாம வாங்காம யாரு வாங்கறது?" அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வெளியீட்டுப் பணத்தில் ஒரு ரூபாய்கூட இருங்காட்டுக்கோட்டைக்கு வரவில்லை. கொரியத் தாய் நிறுவனம் தன் கைப் பங்கை விற்றது, பணம் அங்கே போயிற்று. பட்டியலிட்ட முதல் நாளே விலை ஏழு சதவீதம் போல இறங்கி முடிந்தது. அடுத்த வருடம் வெளியீட்டு விலையைத் தாண்டி ஏறவும் செய்தது. ஏறியதும் இறங்கியதும் எனக்கு இரண்டாம் பட்சம். காரியம் வேறு: கார் விற்பனை படுத்தால் அந்தக் குடும்பத்தில் ஓவர்டைம் போகும், போனஸ் குறையும், அதே மாதம் பங்கும் இறங்கும். ஹூண்டாயில் வேலை செய்யாத காஞ்சிபுரம் பட்டு வியாபாரி அந்தப் பங்கை வாங்கட்டும், நான் தடுக்க மாட்டேன். உள்ளே வேலை செய்கிறவருக்கு நான் சொன்னது, தள்ளுபடிக்காக வாங்கினாலும் மொத்த சேமிப்பில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள் என்று. அமெரிக்காவில் என்ரான் 2001இல் கவிழ்வதற்கு முன் அதன் ஊழியர்களுடைய ஓய்வூதியச் சேமிப்பில் ஐந்தில் மூன்று பங்கு என்ரான் பங்காகவே இருந்தது. வேலையும் போய், கிழவயதுக்கான பணமும் சேர்ந்தே போனது.

சரி, ரோட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது?

முதலில் பிஎஃப். இதை யாரும் முதலீடாக நினைப்பதில்லை, பிடித்தம் என்றுதான் சொல்கிறோம். உங்கள் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதம் நீங்கள், 12 சதவீதம் கம்பெனி. கம்பெனி பங்கில் ₹1,250 வரை பென்ஷன் கணக்குக்குப் போகும். அந்தப் பணம் உங்கள் கம்பெனியில் இல்லை. பெரும்பகுதி அரசுப் பத்திரங்களிலும் நிறுவனக் கடன் பத்திரங்களிலும் இருக்கிறது. 2015 ஆகஸ்டிலிருந்து, புதிதாக வரும் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தைக் குறியீட்டு நிதிகளிலும் போடுகிறார்கள். 5 சதவீதத்தில் தொடங்கி 15 வரை போனது. ஆக, "எனக்கு ஷேரெல்லாம் வேணாம் சார்" என்று சொல்கிற அண்ணனுக்கும் ஷேர் இருக்கிறது. பிஎஃப் வட்டி 2023-24க்கு 8.25 சதவீதம். நான் வட்டம் போடும்போது பிஎஃப்பைக் கடன் பத்திரப் பக்கத்தில் முழுசாக எண்ணுவேன். நம் லைன் லீடர் விஷயத்தில் ஏஜென்ட் அதை எண்ணவில்லை. எண்ணாததால், ₹5 லட்சம் பிஎஃப் வைத்திருப்பவருக்கு மறுபடி 20 சதவீதம் கடன் பத்திர ஃபண்டு விற்றார்.

அடுத்தது தங்கம். படித்த ஆலோசகர்கள் தங்கத்தை இளக்காரமாகப் பேசுவது ஒரு நாகரிகமாக இருந்தது. நான் பேச மாட்டேன். நோக்கியா கேட் மூடிய மாதத்தில் இங்கே அரைமணி நேரத்தில் காசான ஒரே சொத்து அதுதான்; மனை பத்திரம் பீரோவிலேயே தூங்கியது. தங்கத்தின் விலையை ஒரகடம் தீர்மானிப்பதில்லை. ஆனால் நகை வேறு, தங்கம் வேறு. சேதாரமும் செய்கூலியும் கடையை விட்டு இறங்கும்போதே போய்விடும். அரசு வெளியிட்ட முதல் தங்கப் பத்திரம், 2015 நவம்பரில் கிராம் ₹2,684. 2023 நவம்பரில் முதிர்ந்தபோது ₹6,132 கொடுத்தார்கள், நடுவில் ஆண்டுக்கு 2.75 சதவீதம் வட்டி வேறு. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய வெளியீடு வரவில்லை. சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு தங்கம் என்று நாங்கள் எழுதுவோம். நம் பெண்கள் எழுதாமலே அதைவிட அதிகம் வைத்திருப்பார்கள்.

பங்குச் சந்தை. இங்கே நான் பரிந்துரைப்பது ஐம்பது கம்பெனிகளை ஒரே பொட்டலமாகக் கட்டிய நிஃப்டி குறியீட்டு ஃபண்டு போன்ற சாதாரண சங்கதிகள்தான். சோப்பு, மருந்து, வங்கி, மென்பொருள் என்று ரோட்டுக்கு வெளியே உள்ள இந்தியா அதில் இருக்கிறது. ஆட்டோமொபைல் துறைக்கென்று தனி ஃபண்டு விற்க வந்தால், நீங்கள் அந்தத் துறையில் இருப்பதாலேயே வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே ஆள் மாற்றித்தான் விற்கிறார்கள்: கார் கம்பெனிக்காரனுக்கு ஆட்டோ ஃபண்டு, ஆஸ்பத்திரி நர்சுக்கு ஃபார்மா ஃபண்டு. தெரிந்த துறை என்று ஆசையாக வாங்குவார்கள் அல்லவா!

எவ்வளவு என்பதுதான் கஷ்டமான கேள்வி. ஒருவர் நட்டத்தைத் தாங்குவேன் என்று சொல்வது மனசு. தாங்க முடியுமா என்பது பை. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். நம் ஆள் நிரப்பிய படிவத்தில், 'சந்தை 20 சதவீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு 'மேலும் வாங்குவேன்' என்று டிக் அடித்திருந்தது. எதை வைத்து வாங்குவீர்கள் என்று கேட்டேன். கணக்கில் ₹22,000. சம்பளம் நின்றால் மூன்று வாரம். டிக் அடித்தது அவரா ஏஜென்டா என்று கேட்டேன், சிரித்தார்.

மார்க்கோவிட்ஸ் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. இவ்வளவு கணக்குப் போட்ட மனிதர், தன் சொந்த ஓய்வுக்காலப் பணத்தை எப்படிப் பிரித்தார் தெரியுமா? பாதி பங்கு, பாதி கடன் பத்திரம். சந்தை ஏறி நான் அதில் இல்லாவிட்டாலும் வருத்தப்படுவேன், விழுந்து நான் முழுசாக உள்ளே இருந்தாலும் வருத்தப்படுவேன், அதனால் பாதிப் பாதி என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இதைப் படித்த பிறகுதான்.

பிரித்து வைத்தால் மட்டும் போதாது, பிரித்த அளவு தானாக நிற்காது. வண்டிக்கு வீல் அலைன்மென்ட் பார்ப்பது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 2020 ஜனவரி நடுவில் ஒருவர் ₹10 லட்சத்தை 6 லட்சம் குறியீட்டு ஃபண்டு, 4 லட்சம் வங்கி டெபாசிட் என்று வைத்திருந்தார் என்போம். மார்ச் 23, நாடு முழுவதற்குமான கொரோனா ஊரடங்கை அறிவித்ததற்கு முந்தைய நாள், சந்தை ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. நிஃப்டி ஜனவரி உச்சத்திலிருந்து 38 சதவீதம் கீழே, 7,610இல் நின்றது. 6 லட்சம் ₹3.70 லட்சமாயிற்று. மொத்தம் ₹7.70 லட்சம். ஒழுங்காகத் தொழில் செய்கிற ஆலோசகர் அப்போது என்ன செய்வார்? மொத்தத்தில் 60 சதவீதம் பங்கில் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம், அதாவது ₹4.62 லட்சம். ஆகவே டெபாசிட்டிலிருந்து ₹92,000 எடுத்துப் பங்குப் பக்கம் போடச் சொல்வார். வாடிக்கையாளர் கத்துவார். நவம்பரில் சந்தை பழைய இடத்துக்கு வந்தபோது, எதையும் தொடாமல் விட்டவரிடம் அதே ₹10 லட்சம்; மாற்றியவரிடம் ₹10 லட்சத்து 58 ஆயிரம் போல. டெபாசிட் வட்டியை நான் சேர்க்கவில்லை. பயந்துபோய் மார்ச்சில் எல்லாவற்றையும் விற்றவரின் கையில் நின்றது ₹7.70 லட்சம்.

அந்த ₹58,000 பெரிய தொகையில்லை என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. அந்த மார்ச்சில் நான் செய்த உருப்படியான வேலை, ராத்திரி பதினொன்றுக்கு வந்த போன்களை எடுத்து, "இன்னைக்கு வேணாம், நாளைக்குக் காலைல பேசலாம்" என்று சொன்னது. இன்னொன்று: அந்த ₹92,000 எடுக்க டெபாசிட் இருந்தவரால்தான் எடுக்க முடிந்தது. அதே மாதம் கம்பெனிகள் எல்லாம் மூடிக் கிடந்தன. ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளமே வரவில்லை. அவரிடம் போய் அலைன்மென்ட் பேசினால் செருப்பால் அடிப்பார்.

அதனால்தான் ஊரில் மற்றவர்களுக்கு ஆறு மாதச் செலவு கையிருப்பு என்று சொல்கிற நான், இந்த ரோட்டில் இருப்பவர்களுக்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் என்கிறேன். தி.நகரில் ஒருவருக்கு வேலை போனால் அவர் ஒருவர்தான் வேலை தேடுவார். 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, மறைமலைநகரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வழியாக இந்தப் பக்கம் வரை எத்தனை பேர் ஒரே பயோடேட்டாவோடு ஒரே கேட்டில் நின்றார்கள்! அப்போது மனை விற்கலாம் என்றால், விற்க நினைக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க நினைப்பார்கள்.

இனி என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். சங்கடமான பகுதி, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 'ஆலோசகர்' என்று விசிட்டிங் கார்டு அடித்தவர் எல்லாம் ஆலோசகர் இல்லை. ஃபண்டு விற்பவருக்கு ஏஆர்என் என்று ஒரு எண் இருக்கும். அவருக்குக் கூலி, ஃபண்டு நிறுவனம் வருடா வருடம் தரும் கமிஷன். அது உங்கள் பணத்திலிருந்துதான் போகிறது, ரசீதில் தெரியாது. செபியில் பதிந்த ஆலோசகருக்கு ஐஎன்ஏ என்று தொடங்கும் எண். அவர் கமிஷன் வாங்கக் கூடாது, உங்களிடம் நேராகக் கட்டணம் வாங்க வேண்டும். நிலையான கட்டணம் என்றால் ஒரு குடும்பத்திடம் ஆண்டுக்கு ₹1,51,000 உச்சவரம்பு. இந்த ரோட்டில் அதைத் தரக்கூடிய குடும்பம் எது என்று செபிதான் சொல்ல வேண்டும். உங்கள் பணத்தைத் தன் கணக்கில் வாங்குகிற ஆலோசகர் யாராக இருந்தாலும், அடுத்த நிமிடம் எழுந்து வந்துவிடுங்கள். அவருக்கு அந்த உரிமையே இல்லை.

2013 ஜனவரியிலிருந்து எல்லா மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் கமிஷன் இல்லாத 'டைரக்ட்' வகை இருக்கிறது. மாதம் ₹5,000 வீதம் 20 வருடம். 12 சதவீதம் கிடைத்தால் ₹49 லட்சத்துக்கு மேல், கமிஷன் போக 11 கிடைத்தால் ₹43 லட்சம். ₹6 லட்சம் வித்தியாசம். இதைச் சொல்லி ஏஜென்ட்களைத் திட்டுவது எனக்கு லாபம், ஆனால் நியாயம் இல்லை. 2020 மார்ச்சில் ராத்திரி போனை எடுத்த ஏஜென்ட்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் அந்த ஆறு லட்சத்துக்கு வேலை செய்தவர்கள். டைரக்டில் போட்டுவிட்டுப் பயந்து விற்ற புத்திசாலிகளையும் எனக்குத் தெரியும். உங்கள் ஏஜென்ட் எந்த ரகம் என்பதை, கடைசியாகச் சந்தை விழுந்தபோது அவர் போன் எடுத்தாரா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாதம் 25, 30 சதவீதம் தருகிறேன் என்று வருபவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள். ஆருத்ரா நிதி நிறுவன வழக்கில் ஒரு லட்சம் பேரிடம் ₹2,438 கோடி வசூல் என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசின் கணக்கு. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997இலிருந்தே இருக்கிறது. அதற்கு அடுத்த வருடமே தேக்கு மரம் வளர்ப்பதாகச் சொன்ன அனுபவ் பிளான்டேஷன்ஸ் கவிழ்ந்தது. உங்களுக்குத் தெரியாததை நான் இதில் புதிதாகச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன்: அங்கே பணம் போட்டவர்களில் பலர் பேராசைக்காரர்கள் இல்லை. மனைக் கடன், பெண் கல்யாணம் என்று எல்லாப் பக்கமும் இறுகிப்போய், சம்பளத்தால் எட்டாத தொகையை ஒரே வருடத்தில் எட்ட வேண்டியிருந்தவர்கள். பாகம் பிரிக்காத பணம் கடைசியில் அங்கே போய்ச் சேருகிறது.

நம் லைன் லீடருக்கு வருகிறேன். சீட்டு முடிந்ததும் வந்த பணத்தை வங்கியில் தனிக் கணக்கில் போட்டார், அதற்கு ஏடிஎம் கார்டு வாங்கவில்லை. குடும்பத்துக்குத் தனியாக மருத்துவக் காப்பீடு எடுத்தார், ₹1 கோடிக்கு டேர்ம் பாலிசி எடுத்தார். ஏஜென்டின் 20 சதவீதக் கடன் பத்திர ஃபண்டை நிறுத்திக் குறியீட்டு ஃபண்டில் மாதம் ₹5,000. மச்சானிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

மனைதான் நிற்கிறது. விற்றால் கடனை அடைத்து ₹14 லட்சம் ரோட்டுக்கு வெளியே போகும், தாளில் பெரும்பகுதிச் சிவப்பு அழிந்துவிடும். கணக்குப்படி விற்க வேண்டும். பரந்தூர் விமான நிலையம் வந்தால் விலை இரட்டிப்பாகும் என்று தினமும் ஒரு பிட் நோட்டீஸ் கம்பெனி பஸ் ஜன்னல் வழியாக வருகிறது. நிலம் போகும் ஏகனாபுரத்துக்காரர்கள் வருடக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்த நோட்டீசில் இருக்காது. நான் இதையெல்லாம் சொன்னேன். அவருடைய மனைவியும் வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், எம்பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறப்ப, நாலு சென்ட் மனை இருக்குன்னு சொல்லலாம். இன்டெக்ஸ் ஃபண்டு இருக்குன்னு சொன்னா சம்பந்தி வீட்ல என்னன்னு கேட்பாங்க?" பெண்ணுக்கு இப்போது ஏழு வயது. அடுத்த மாதம் திரும்ப வருகிறார்கள். அவரிடம் என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால், கேள்வி நேரத்தில் சொல்லுங்கள்.